அந்த செஸ் என்ஜின் சொந்தச் சரக்கா, சுட்ட சரக்கா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், திடீரென்று மேலே வரும். போன மாதம்வரை தரவரிசையின் நடுவில் எங்கோ கிடந்தது, இந்த மாதம் முதல் பத்தில் நிற்கும். உடனே யாராவது ஒருவர் "இது சுட்ட சரக்கு" என்று கிளப்பிவிடுவார், இன்னொருவர் "உங்களுக்கு வயிற்றெரிச்சல்" என்பார், அப்புறம் இரண்டு பக்கமும் கத்தல்தான். கத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பைனரியை, அதாவது கணினியில் ஓடத் தயாராக இருக்கும் கோப்பை, திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கத்தியவன்தான், தப்பாகக் கத்திவிட்டு ஒரு பையனிடம் மன்னிப்பும் கேட்டவன். அந்தக் கதை ஐந்தாவது படியில் வருகிறது.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்துகிறவர் பிட் அடித்ததை எப்படிப் பிடிக்கிறார்? இரண்டு பேரும் பிளாசிப் போர் 1757 என்று எழுதியிருந்தால் அதில் ஒன்றுமில்லை, படித்த எவனும் அதைத்தான் எழுதுவான். இரண்டு பேரும் 1775 என்று எழுதியிருந்தால்தான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். செஸ் என்ஜினிலும் இதேதான். ராணிக்கு சிப்பாயைப்போல ஒன்பது மடங்கு மதிப்பு என்பதில் இரண்டு நிரல்கள் ஒத்துப்போவது செய்தியே அல்ல. எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தில், அதுவும் தேவையே இல்லாத ஒரு விஷயத்தில், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் கடைசிவரை தேடப்போகிறோம்.

முதல் படி: குற்றச்சாட்டு என்ன என்று முடிவு செய்யுங்கள்

"காப்பி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விவகாரங்கள் ஒளிந்திருக்கின்றன. போட்டி விதி ஒன்று, லைசென்ஸ் ஒன்று, பதிப்புரிமைச் சட்டம் ஒன்று. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் எதுவும் வேகாது.

உலகக் கணினி செஸ் போட்டிகளை 2024வரை நடத்திய ஐசிஜிஏ அமைப்பின் விதிப்படி, நிரல் அதை அனுப்பியவர்களின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டியிருந்தது, வேறு யாருடைய கோடாவது உள்ளே இருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லியாக வேண்டியிருந்தது. இந்த விதியை மீறுவதற்குச் சட்டத்தை மீற வேண்டும் என்பதில்லை, பெயரைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

லைசென்ஸ் விவகாரம் வேறு மாதிரி. ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல இலவச என்ஜின் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருகிறது. அதை எடுத்து மாற்றலாம், பெயர் மாற்றலாம், காசுக்குக்கூட விற்கலாம், ஆனால் விற்கும்போது வாங்கியவருக்கு அதே உரிமமும் சோர்ஸ் கோடும், அதாவது மூல நிரலும், சேர்ந்து போக வேண்டும். 2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. நிலையை மதிப்பிடும் நியூரல் வலை (பயிற்சி கொடுத்து உருவாக்கும் எண்களின் தொகுப்பு) வேறு, உள்ளே ஓடியது ஸ்டாக்ஃபிஷ். ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் வழக்குப் போட்டார்கள், 2022 நவம்பரில் சமரசமாக முடிந்தது. அங்கே சண்டை "எடுத்தார்கள்" என்பதற்காக வரவில்லை, எடுத்ததோடு சேர்ந்து வரும் கடமைகளைச் செய்யவில்லை என்பதற்காக வந்தது. ஸ்டாக்ஃபிஷே 2008இல் க்ளௌரங் என்ற என்ஜினிலிருந்து கிளைத்ததுதான், அதை அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை, அதனால் அங்கே பிரச்சினையும் இல்லை.

மூன்றாவது, சட்டம். அதில் யோசனைக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆல்ஃபா-பீட்டா என்ற தேடல் முறை யாருக்கும் சொந்தமில்லை, அதை ஒருவர் எழுதிய விதம் அவருக்குச் சொந்தம்.

எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், நடுவில் கட்டாயம் மறந்துபோகும்.

இரண்டாம் படி: தடயத்தைப் பூட்டிவையுங்கள்

சந்தேகப்பட்ட பைனரியை இறக்கி, அதன் ஷா-256 கையெழுத்தை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு எண்ணை, எடுத்து, தேதியோடு குறித்துவைத்துவிடுங்கள். சத்தம் கிளம்பியதும் பழைய பதிப்புகள் காணாமல் போவது இந்த உலகத்தில் வாடிக்கை. அந்த ஆசிரியரின் முந்தைய பதிப்புகள் எல்லாவற்றையும் தேடிச் சேருங்கள், ஏனென்றால் புதிய பதிப்பில் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கும், பழையதில்தான் அழுக்கு இருக்கும். ரிப்கா என்ற என்ஜின் வேறு என்ஜின்களிலிருந்து எடுத்தது என்று கிளம்பிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் வந்த 1.0 பீட்டாவுக்கு முந்தைய பதிப்புகளில்தான் ராபர்ட் ஹையாட்டின் க்ராஃப்டி என்ஜினின் கோட் அப்படியே கிடைத்தது.

அப்புறம் காலவரிசை. எதிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறோமோ அது முதலில் வெளியாகியிருக்க வேண்டும். ரிப்கா எடுத்ததாகச் சொன்ன இன்னொரு என்ஜின் ஃபேபியன் லெடூஸேயின் ஃப்ரூட். அதன் 2.1 பதிப்பின் சோர்ஸ் 2005 நடுவில் வெளிவந்தது, ரிப்கா 1.0 பீட்டா அதே ஆண்டின் கடைசியில் வந்தது. வரிசை பொருந்துகிறது. பொருந்துவதால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. பொருந்தாவிட்டால் அங்கேயே கடையைக் கட்டிவிடலாம்.

மூன்றாம் படி: திறக்காமலே விசாரியுங்கள்

என்ஜினை டெர்மினலில் ஓட்டி, என்ஜின்களோடு பேசும் பொதுக் கட்டளையான யுசிஐ என்று தட்டுங்கள். அது தன் பெயர், ஆசிரியர், விருப்பங்களின் பட்டியல் எல்லாவற்றையும் துப்பும். விருப்பங்களின் பெயரைவிட அவை வரும் வரிசையையும், குறைந்தபட்ச அதிகபட்ச எல்லை எண்களையும் பாருங்கள். பெயரை மாற்றும் ஆசாமிகள் எல்லையை மாற்ற மறந்துவிடுவார்கள்.

அடுத்து பெஞ்ச் என்று தட்டிப் பாருங்கள். ஸ்டாக்ஃபிஷில் அந்தக் கட்டளை 16 எம்பி ஹாஷ் (நினைவிடம்), ஒரே த்ரெட் (ஒரே இழை), ஆழம் 13 என்ற கணக்கில் ஒரு கட்டு நிலைகளைத் தேடி, மொத்தம் எத்தனை கணுக்களை, அதாவது தேடலில் வரும் நிலைகளை, தொட்டது என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். தேடலிலோ மதிப்பீட்டிலோ எங்கேயாவது ஒரு சின்ன எண்ணை மாற்றினாலும் அந்த மொத்தம் மாறிவிடும். இதில் அழகு என்னவென்றால், ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஆட்டத்தைப் பாதிக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் இந்த எண்ணை எழுதிவைக்கிறார்கள். சந்தேக என்ஜின் சொல்லும் எண்ணை அவர்கள் வரலாற்றில் தேடினால், அகப்பட்டால், எந்த ஆண்டின் எந்த நாள் பதிப்பை எடுத்தார் என்பதுவரை தெரிந்துவிடும். இவ்வளவு சோம்பேறித்தனமாக யாராவது சுடுவார்களா என்றால், சுடுகிறார்கள்.

பெஞ்ச் இல்லாவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். ஒரே த்ரெட், ஒரே ஹாஷ் அளவு, ஒரு நிலைக்கு ஆழம் 1இலிருந்து 12வரை, ஒவ்வொரு ஆழத்திலும் கணு எண்ணிக்கை, மதிப்பு, சிறந்த வரிசை. இரண்டு என்ஜின்களிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆழம் ஆழமாக ஒரே கணு எண்ணிக்கை வந்தால் தற்செயலுக்கு வழியே இல்லை.

இங்கே இரண்டு பள்ளங்கள். ஒன்று, பெர்ஃப்ட் எண்களை, அதாவது இத்தனை நகர்த்தல்களில் எத்தனை வழிகள் என்ற கணக்கை, கண்டு ஏமாறாதீர்கள். தொடக்க நிலையிலிருந்து 20, 400, 8902, 197281 என்று போகும் அந்த எண்கள் செஸ் விதிகளின் எண்கள், சரியாக எழுதிய எந்த என்ஜினும் அதையேதான் சொல்லும். இன்னொன்று, என்ஜின் சொல்லும் ஆழத்தையும் கணுவையும் அப்படியே நம்பவும் கூடாது, ரிப்கா அந்த இரண்டையும் குறைத்துக் காட்டியது ஊரறிந்த விஷயம்.

நான்காம் படி: நகர்த்தல் ஒற்றுமைச் சோதனை

டான் டெய்லி செய்துவைத்த கருவி இதற்குப் பிரபலம். யோசனை எளிது: எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலைகளை ஒவ்வொரு என்ஜினுக்கும் கொடுத்து, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு யோசிக்கவிட்டு, எத்தனை நிலைகளில் இரண்டும் ஒரே நகர்த்தலைச் சொல்கின்றன என்று எண்ணுவது. என்ஜினின் தேடலைவிட அதன் ரசனையை, அதாவது மதிப்பீட்டை, அளக்கும் சோதனை இது.

செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரே ஒரு நல்ல நகர்த்தல் மட்டும் உள்ள நிலைகளைத் தூக்கி எறியுங்கள், மேட் இன் டூ நிலையில் எல்லா என்ஜினும் ஒத்துப்போகும், அதில் என்ன இருக்கிறது? நான்கைந்து நகர்த்தல்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும் அமைதியான நடுவாட்ட நிலைகள்தான் வேண்டும். வலுவான என்ஜின்கள் வலுவானவை என்ற ஒரே காரணத்துக்காகவே கொஞ்சம் அதிகம் ஒத்துப்போகும், ஆகவே பலவீனமானதற்குக் கூடுதல் நேரம் கொடுத்துச் சமப்படுத்துங்கள். முக்கியமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த என்ஜின்களையும் ஓட்டுங்கள், ஒரே என்ஜினின் அடுத்தடுத்த பதிப்புகளையும் ஓட்டுங்கள். அந்நியர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள், அண்ணன் தம்பி எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று தெரியாமல் உங்கள் சந்தேக ஜோடியின் சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

சின்னக் கணக்கு ஒன்று. 2000 நிலைகளில் பாதி ஒத்துப்போகிறது என்றால், வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஒரு சதவீதப் புள்ளிக்குச் சற்று மேல் இப்படியும் அப்படியும் ஆடும். ஆகவே 51க்கும் 53க்கும் இடையில் கோட்டைப் போட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இந்தச் சோதனை சந்தேகத்தைக் கிளப்ப நல்லது, தண்டனை கொடுக்கப் போதாது. மதிப்பீட்டு எண்களை நன்றாகக் கலைத்துவிட்டால் ஒற்றுமை இறங்கிவிடும், கோட் அப்படியே இருந்தாலும். தலைகீழாகவும் நடக்கும், இப்போது அதுதான் அதிகம். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 நியூரல் வலையோடு வந்ததிலிருந்து எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், ஒரே மாதிரித் தரவில் பயிற்சி கொடுத்த வலைகள் ஒரே மாதிரி ஆடும், கோடில் ஒரு வரிகூடப் பொதுவாக இல்லாவிட்டாலும். ஆகவே வலை வேறு கேள்வி, கோட் வேறு கேள்வி. முடிவு எழுதும்போது இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பைனரிக்குள் எண் வேட்டை

இப்போதுதான் கையில் கறை படியும். முதலில் ஸ்ட்ரிங்ஸ் கருவியை ஓட்டி உள்ளே இருக்கும் எழுத்துகளை எல்லாம் கொட்டுங்கள். பிழைச் செய்திகள், கோப்புப் பெயர்கள், மறந்துபோன டீபக் வரிகள், எழுத்துப்பிழைகள். குறிப்பாக எழுத்துப்பிழைகள்.

நியூரல் வலை உள்ளேயே பொதிந்திருந்தால் வேலை சுலபம். ஸ்டாக்ஃபிஷ் வலைக் கோப்பின் பெயரில் இருக்கும் பன்னிரண்டு எழுத்துகள் அந்தக் கோப்பின் ஷா-256இன் முதல் பன்னிரண்டு எழுத்துகள்தான். பைனரியிலிருந்து வலையைப் பிரித்தெடுத்துக் கையெழுத்தைக் கணக்கிட்டு, பொதுவில் கிடக்கும் பெயர்களோடு ஒப்பிட்டால் முடிந்தது. ஒரு பிட் மாற்றியிருந்தாலும் கையெழுத்து மாறிவிடும் என்பதால், ஒத்துப்போகாவிட்டால் எடைகளை நேரடியாக ஒப்பிடுங்கள், பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

அடுத்தது மாறிலிகள். ஒரு நிலையை 64 பிட் எண்ணாகச் சுருக்க ஏறக்குறைய எல்லா என்ஜினும் ஸோப்ரிஸ்ட் சாவிகள் என்று கொஞ்சம் சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும். ஸ்டாக்ஃபிஷ் அதற்குப் போடும் விதை எண் 1070372. அதைச் சுழற்றும் சூத்திரத்தில் 2685821657736338717 என்று ஒரு பெருக்கெண் வரும். இந்த இரண்டில் எது தடயம்? பெரிதாக, பயங்கரமாகத் தெரிவதால் எல்லோரும் இரண்டாவதைப் பிடிப்பார்கள். அது பொதுவில் கிடக்கும் ஒரு கணித முறையின் பகுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டிருக்கலாம். தடயம் அந்தச் சின்ன விதை எண். அதற்குப் பதில் 5 என்று போட்டிருந்தாலும் என்ஜின் ஓடியிருக்கும், 1070372 என்று போட எந்தக் காரணமும் இல்லை. நண்பர்கள் வட்டத்தில் நடத்திய ஒரு சின்னப் போட்டியில் இந்த எண் ஒரு என்ஜினுக்குள் இருந்ததைக் காட்டிக் கேட்டபோது, எழுதியவர் சற்று யோசித்துவிட்டு "அது எனக்கு ராசியான நம்பர் சார்" என்றார்!

சரி, என் மானம் போன கதை. வேறொரு என்ஜினில் ஒரு பெரிய எண் அட்டவணை கண்ணில் பட்டது, 781 எண்கள், ஒவ்வொன்றும் 64 பிட், இன்னொரு பிரபல என்ஜினில் உள்ளதோடு ஒன்று விடாமல் பொருந்தியது. 781 எண்கள் தற்செயலாகப் பொருந்துமா என்று கொதித்து எழுதித் தள்ளிவிட்டேன். பையன் பொறுமையாகப் பதில் போட்டான்: அது பாலிகிளாட் தொடக்க ஆட்டப் புத்தகத்தைப் படிக்கத் தேவையான அட்டவணை. 12 காய் வகை, 64 கட்டம், பெருக்கினால் 768, கோட்டை கட்டுவதற்கு 4, என்பாஸான் வரிசைக்கு 8, யார் ஆட்டம் என்பதற்கு 1, ஆக 781. அந்த வகைப் புத்தகத்தைப் படிக்கும் என்ஜின் எதுவாக இருந்தாலும் இதே எண்களை வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் திறக்காது. நான் பூட்டுக்குப் பொருந்தும் சாவியைப் பார்த்துத் திருட்டுச் சாவி என்று கத்தியிருக்கிறேன்.

அதிலிருந்து கையில் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் 100, குதிரை 320, பிஷப் 330, யானை 500, ராணி 900 என்ற எண்கள் தோமாஸ் மிக்னியெவ்ஸ்கியின் எளிய மதிப்பீட்டு முறையிலிருந்து வருபவை, கற்றுக்கொள்கிற எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். 82, 337, 365, 477, 1025 என்று பார்த்தால் அது பெஸ்டோ அட்டவணை, அதுவும் பொதுச்சொத்து மாதிரிதான் புழங்குகிறது. பெயரைச் சொல்லியிருந்தால் நாகரிகம், சொல்லாவிட்டால் ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

ஆறாம் படி: பிரித்துப் படியுங்கள்

எண்கள் சந்தேகத்தை உறுதியாக்கினால் பைனரியைப் பிரிக்க வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019இல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா என்ற பிரிக்கும் கருவி இதற்குப் போதும். முதலில் அந்த மென்பொருளின் உரிமமும் உங்கள் ஊர்ச் சட்டமும் பிரித்துப் பார்க்க அனுமதிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது? தேடல் பகுதியில் தொடங்காதீர்கள், அங்கே எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். மதிப்பீட்டுப் பகுதிக்குப் போங்கள், அடுத்து நேரக் கணக்கு, உள்ளீட்டு வரிகளைப் படிக்கும் பகுதி. கடைசி இரண்டையும் யாரும் அக்கறையாக மாற்றுவதில்லை, ஆட்ட வலுவுக்கு அவற்றால் பலன் இல்லை என்பதால். ரிப்காவில் எல்லோரையும் நெற்றி சுருக்கவைத்த ஒரு துளி அங்கேதான் இருந்தது: நேரம் முழு எண்ணாக வைக்கப்பட்டிருந்த இடத்தில் அதைத் தசமப் பூஜ்யத்தோடு, 0.0 என்று, ஒப்பிடும் ஒரு வரி. ஃப்ரூட்டில் நேரம் தசம எண், அங்கே அந்த ஒப்பீடு இயல்பானது. ரிப்காவில் அதற்கு வேலையில்லை. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது, அதையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது, ஆனால் 1775 மாதிரியான பிழை இது.

இன்னொரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்தது. முன்னால் தடுக்க எதிரிச் சிப்பாய் இல்லாமல் ஓடும் சிப்பாய்க்கு என்ஜின்கள் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும், முன்னே போகப் போக அதிகமாகும். ஃப்ரூட் 2.1இல் அந்த ஏற்றம் நான்காம் வரிசையிலிருந்து 26, 77, 154, 256. பார்த்தால் விசித்திரமான எண்கள். உண்மையில் 256இன் பத்தில் ஒரு பங்கு, மூன்று பங்கு, ஆறு பங்கு, முழுசு, முழு எண்ணாக்கப்பட்டவை: 25.6, 76.8, 153.6.

ரிப்கா 1.0 பீட்டாவைப் பிரித்துப் படித்து ஒருவர் ஸ்ட்ரெல்கா என்று ஒன்றை வெளியிட்டார். ஸ்ட்ரெல்கா 2.0 தன்னுடைய கோட்தான் என்று ரிப்காவின் ஆசிரியர் வாசிக் ராஜ்லிக்கே 2008இல் உரிமை கொண்டாடினார். அதில் அதே சிப்பாய்க்கு உள்ள எண்கள் 489, 1450, 2900, 4821. ஃப்ரூட்டோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை, இல்லையா? கால்குலேட்டரை எடுங்கள். 4821ஐ 26ஆல் பெருக்கி 256ஆல் வகுத்தால் 489.6. 77ஆல் பெருக்கி வகுத்தால் 1450.07. 154ஆல் என்றால் 2900.1. பின்னத்தை வெட்டினால் மூன்றும் அச்சு அசலாக அந்த எண்கள். பத்தில் ஒன்று, மூன்று, ஆறு என்ற யோசனை மட்டும் தனியாகத் தோன்றியிருந்தால் 482, 1446, 2892 என்றல்லவா வந்திருக்க வேண்டும்? பங்குகளை 256க்கு முழு எண்ணாக்கியதில் விழுந்த சின்னப் பிசிறு அப்படியே பயணப்பட்டு வந்திருக்கிறது. எண்ணை எண்ணோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது தப்பியிருக்கும், ஆகவே அட்டவணைகளின் விகிதத்தையும் பாருங்கள், எந்தச் சூத்திரத்திலிருந்து அவை பிறந்திருக்க முடியும் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். சாக் வெக்னர் ரிப்காவின் காய்-கட்ட அட்டவணைகளில் (எந்தக் கட்டத்தில் எந்தக் காய்க்கு எவ்வளவு மதிப்பு என்பவை) செய்ததும் இதுதான், ஃப்ரூட்டின் சூத்திரத்தில் எடைகளை மட்டும் மாற்றினால் அவை வந்துவிடுகின்றன என்று காட்டினார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃப்ரூட் பலகையை வரிசைப் பட்டியலாக வைத்திருக்கிறது, ரிப்கா பிட்போர்டாக, அதாவது கட்டத்துக்கு ஒரு பிட் என்று 64 பிட் எண்களாக. பலகையின் அமைப்பு வேறு என்றால் அதன் மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் வேறாகத்தான் இருக்கும், வரிக்கு வரி நகல் சாத்தியமே இல்லை. அப்படியானால் வந்தது கோடா, வடிவமைப்பா? ரிப்கா சண்டை பத்து ஆண்டுக்கு மேல் ஓயாததற்கு இந்தக் கேள்விதான் காரணம். முதல் படியில் ஒட்டிவைத்த தாளை இப்போது எடுத்துப் படியுங்கள். போட்டி விதிக்கு ஒரு பதில் வரும், பதிப்புரிமைக்கு வேறு பதில் வரலாம்.

ஏழாம் படி: சலித்து எடுங்கள், மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள்

அமெரிக்க நீதிமன்றம் 1992இல் ஆல்டாய் வழக்கில் சொன்ன மூன்று கட்ட முறை இங்கே நன்றாக உதவும். நிரலை அடுக்கு அடுக்காகப் பிரி, பொதுவானதையும் வேறு வழியில்லாததையும் சலித்து எறி, மிஞ்சியதை மட்டும் ஒப்பிடு. இரட்டைச் சிப்பாய்க்குத் தண்டனை, பிஷப் ஜோடிக்குப் பரிசு, இதெல்லாம் சலிப்பில் போய்விட வேண்டும், ஏனென்றால் எந்த செஸ் புத்தகமும் அதைச் சொல்லும். எந்தெந்த அம்சங்களைச் சேர்த்தார், எதை விட்டார், ஒவ்வொன்றையும் எந்த நிபந்தனையில் வைத்தார் என்ற தேர்வுகளின் கூட்டம் மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியதை இரண்டு என்ஜின்களுக்கு நடுவில் மட்டும் ஒப்பிட்டால் எதுவும் எதைப்போலவும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூட உற்றுப் பார்த்தால் சித்தப்பா மாதிரிதான் இருக்கும். சம்பந்தமில்லாத ஐந்தாறு என்ஜின்களை எடுத்து, அதே அம்சப் பட்டியலில் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுங்கள். கணிதவியலாளர் மார்க் வாட்கின்ஸ் ரிப்கா-ஃப்ரூட் மதிப்பீட்டை இப்படிப் பல என்ஜின்களோடு சேர்த்து வைத்துத்தான் அளந்தார், அதனால்தான் ஐசிஜிஏ விசாரணையில் அவருடைய பகுதி மற்றவற்றைவிடக் கனமாக நின்றது. முடிந்தால் மதிப்பெண் போடுகிறவருக்கு எது எந்த என்ஜின் என்று தெரியாமல் பெயரை மறைத்துக் கொடுங்கள்.

எட்டாம் படி: ஆசிரியரிடம் கேளுங்கள்

இதைக் கடைசியில் வைத்தேன், நடைமுறையில் முன்னாலேயே செய்துவிடலாம். சோர்ஸைக் காட்டச் சொல்லுங்கள், எல்லோருக்கும் வேண்டாம், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவருக்குப் போதும். கொடுத்த சோர்ஸைக் கம்பைல் செய்து, அதன் கணு எண்ணிக்கை வெளியான பைனரியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கையில் கொடுத்தது வேறு, விற்றது வேறு. மாற்றங்களின் வரலாறு இருந்தால் இன்னும் நல்லது. சொந்தமாக எழுதியவருடைய வரலாற்றில் முட்டாள்தனமான பிழைகளும், நள்ளிரவுத் திருத்தங்களும், மூன்று நாள் கழித்துத் திரும்பப் பெற்றவையும் நிறைய இருக்கும். முதல் நாளே முப்பதாயிரம் வரி ஒரே மூச்சில் இறங்கியிருந்தால் மேலே கேள்வி கேட்கலாம்.

காட்ட மறுப்பதே குற்றம் ஆகிவிடாது. 2003இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் லிஸ்ட் என்ற என்ஜின் க்ராஃப்டியின் நகல் என்று சந்தேகப்பட்டார்கள், சோர்ஸ் காட்டவில்லை என்று போட்டி நடுவிலேயே வெளியேற்றினார்கள். பின்னால் சோர்ஸைப் பார்த்தபோது நகல் இல்லை என்று தெரிந்தது. போட்டி என்னவோ முடிந்துபோயிருந்தது.

ஒன்பதாம் படி: எழுதும்போது

அறிக்கையில் பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். "இந்த விதை எண் இரண்டிலும் இருக்கிறது" என்பது பார்த்தது. "ஆகவே ஸோப்ரிஸ்ட் பகுதி அங்கிருந்து வந்தது" என்பது ஊகம், வலுவான ஊகம், ஆனாலும் ஊகம். உங்களுக்கு எதிராக நிற்கும் சான்றுகளையும் எழுதுங்கள், நீங்கள் எழுதாவிட்டால் அவர் எழுதுவார். பதிப்பு எண், கையெழுத்து, ஓட்டிய கட்டளை எல்லாம் இருந்தால்தான் வேறொருவர் உட்கார்ந்து அதையே திரும்பச் செய்து பார்க்க முடியும்.

தண்டனை உங்கள் வேலை இல்லை, விதி என்ன சொல்கிறதோ அதுதான். லெடூஸே 2011 ஜனவரியில் பகிரங்கக் கடிதம் எழுத, ஐசிஜிஏ விசாரித்து அந்த ஜூனில் ரிப்காவின் பட்டங்களைப் பறித்து, ராஜ்லிக்குக்கு ஆயுள் தடை விதித்தது. ராஜ்லிக் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நெறிமுறை ஆணையத்துக்குப் போனார், அந்த ஆயுள் தடைக்கு விதிகளில் இடமில்லை என்று 2015இல் ஆணையம் சொல்லி, ஐசிஜிஏவுக்கே எச்சரிக்கை கொடுத்தது. கோடை இவ்வளவு உழைத்துப் பிரித்தவர்கள் தங்கள் சொந்த விதிப்புத்தகத்தில் சறுக்கிவிட்டார்கள். ஆகவே அறிக்கையை அனுப்பும் முன், நீங்கள் எந்தப் போட்டிக்கு அனுப்புகிறீர்களோ அதன் விதிகளை அச்செடுத்து, பொருந்தும் வரியின் எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அப்படி ஒரு வரி விதிகளில் இல்லையென்றால், அறிக்கையோடு அடுத்த ஆண்டுக்கான விதித் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள், நான் எங்கள் சின்னப் போட்டிக்கு அதைத்தான் செய்தேன். ராசியான நம்பர்காரர் அந்த வருடம் இரண்டாவது பரிசை வாங்கிக்கொண்டுதான் போனார்.